சக்கரத்துக்குத் தேங்காய் எண்ணெய்

1

ஞாயிற்றுக்கிழமை காலையில் காப்பி குடித்த கையோடு நான் மோட்டார் சைக்கிளுக்கு முன்னால் மண்டி போட்டுவிடுவேன். இந்தத் தெருவுக்குக் குடிவந்த புதிதில் பக்கத்து வீட்டு ழெரார் அதைப் பார்த்துவிட்டு, இது எங்கள் மதத்தில் ஏதோ வழிபாடு என்று நினைத்தாராம். பிறகு ஒருநாள் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார். பழைய பல் பிரஷ்ஷும் கந்தைத் துணியுமாக நான் செயினைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். "வண்டியில் என்ன கோளாறு?" என்று கேட்டார். ஒன்றுமில்லை, நன்றாக ஓடுகிறது என்றேன். "நன்றாக ஓடுவதை எதற்கு நோண்டுகிறீர்கள்?" என்றார். அதற்குப் பிரெஞ்சில் எனக்குப் பதில் தெரியவில்லை. தமிழிலும் தெரியாது. அதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது, அவ்வளவுதான்.

பிரான்சின் தென்கிழக்கில் ஒரு சிறிய ஊரில் இருக்கிறோம். சமையலறை ஜன்னலைத் திறந்தால் மலை. மாடி ஜன்னலைத் திறந்தால் இன்னொரு மலை. காரைக்காலில் இதைப் படிக்கிறவர்களுக்கு என் நிலைமை புரியும். நம் பக்கத்தில் மேடு என்றால் அரசலாற்றுப் பாலம்தான். அந்தப் பாலத்தில் சைக்கிளை மிதித்து ஏறியதற்கே மறுபக்கம் இறங்கி சோடா குடித்தவன் நான். இப்போது கொண்டை ஊசி வளைவுகளில் படுத்து எழுந்து போகிறேன். என் அண்ணன் கோட்டுச்சேரியிலிருந்து வாட்ஸ்அப்பில் அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு, "ரோடு போட்டவன் குடிச்சிருந்தானாடா?" என்று கேட்டார்.

வண்டி, தொலைதூரப் பயணத்துக்கென்றே செய்தது. இரண்டு பக்கமும் பெட்டி, முன்னால் காற்றைத் தடுக்கும் கண்ணாடி. பின்சீட்டு எங்கள் வீட்டு சோபாவைவிட மெத்தென்று இருக்கும். ஆனால் வாங்கிய நாள் முதல் அதில் உட்கார்ந்து வந்தது என் மழைக்கோட்டும் சாப்பாட்டுப் பையும்தான். என் மனைவி தமயந்தி உட்காரவே இல்லை. இந்த ஐப்பசியில் எங்கள் கல்யாணத்துக்கு இருபத்தைந்து வருஷம் நிறைகிறது. அன்றைக்கு மலைக்கு வருகிறேன் என்று ஒருவழியாக வாக்குக் கொடுத்திருந்தாள். அந்த வாக்கு கொஞ்சம் தேங்காய் எண்ணெயில் வழுக்கி விழப் பார்த்த கதைதான் இது.

2

நம் ஊர்ப்பக்கம் 'பிரெஞ்சுப் பொண்ணு' என்றால் வெள்ளைக்காரி இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். தமயந்தி கோவில்பத்துக்காரி. அவளுடைய தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர். மற்ற வீடுகளில் நிலம் இறங்குவதுபோல அவர்கள் வீட்டில் குடியுரிமை இறங்கி வந்தது. அவள் அப்பா பிடிவாதமாகப் பிரெஞ்சு டியூஷனும் வைத்தார். நானோ கோட்டுச்சேரியில் நெல் விளைவிக்கிற குடும்பம், உரக்கடையில் கணக்கெழுதுகிற வேலை. எனக்குத் தெரிந்த பிரெஞ்செல்லாம் மேரி என்ற ஒரே சொல்தான். நகராட்சிக்கு நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்வது. அது பெண் பெயரில்லை என்பதே எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

ஆகவே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்த நாட்டுக்கு நான் தமயந்தியின் பின்சீட்டில் உட்கார்ந்து வந்தவன். வந்த புதிதில் அலுவலகம், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் எல்லா இடத்திலும் அவள் பேசினாள். நான் பின்னால் நின்று தலையாட்டினேன். அதில் எனக்கு வெட்கமும் இல்லை, வருத்தமும் இல்லை. நன்றாக ஓட்டுகிறவர் பின்னால் உட்காருவதில் ஒரு சுகம் உண்டு.

ஆனால் விமானம் ஏறுவதற்கு முன் இரண்டு வருஷம் காரைக்காலில் காத்திருந்தோம். எங்கள் கல்யாணத்தைப் பிரெஞ்சுப் பதிவில் ஏற்ற வேண்டும். அதற்கு எத்தா சிவில் என்கிற பிறப்பு, கல்யாணப் பதிவுக் காகிதங்கள். புதுச்சேரிக்குப் போய்ப் போய் வர வேண்டும். ஒவ்வொரு முறையும் எங்களிடம் ஏதாவது ஒன்று குறையும். ஒரு முறை என் அப்பாவின் பிறப்புச் சான்றிதழ். அவர் பிறந்ததற்குச் சாட்சி பெரிய புயல் ஒன்றுதான். இன்னொரு முறை எல்லாம் இருந்தது, போட்டோவை வீட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தோம்.

பஸ்ஸில் போயிருக்கலாம். நாங்கள் என் நூறு சிசி வண்டியில் போனோம். விடியற்காலையில் கிளம்பினால் தரங்கம்பாடிப் பக்கம் கடல் காற்று முகத்தில் அடிக்கும். இருபுறமும் சம்பா நாற்று, வரப்பில் கொக்கு. சீர்காழி தாண்டி, கொள்ளிடப் பாலத்தின் நடுவில் வண்டியை நிறுத்தி ஆற்றைப் பார்ப்போம். சிதம்பரத்தில் இட்லியும் கத்திரிக்காய் கொத்சும். தமயந்தி சேலையில் ஒரு பக்கமாக உட்கார்ந்து, தாடையை என் தோளில் வைத்துக்கொண்டு, கடலூர் வரும்வரை ஓயாமல் பேசிக்கொண்டே வருவாள். புதுச்சேரியில் ஒரு காகிதம் குறைகிறது என்று சொன்னால் வெளியே வந்து இருவரும் சிரிப்போம். இன்னொரு பயணம் கிடைத்துவிட்டதே! உலகத்தில் காகிதம் குறைந்ததற்குச் சந்தோஷப்பட்ட ஜோடி நாங்களாகத்தான் இருக்க வேண்டும்.

திரும்பி வந்ததும் அவளுக்கு ஒரு வேலை உண்டு. கடலோரப் பாதையில் போய் வந்த வண்டி அல்லவா? பழைய துணியைத் தேங்காய் எண்ணெயில் தொட்டு, மட்கார்டு, ரிம், ஸ்போக்ஸ் என்று ஒன்று விடாமல் துடைப்பாள். "உப்புக் காத்து இரும்பத் தின்னுபுடும்ங்க" என்பாள். அருவாமனைக்கும் தோசைக்கல்லுக்கும் செய்கிற அதே வைத்தியம். அந்த வண்டியில்தான் என் அண்ணன் இன்றைக்கும் வயலுக்குப் போகிறார். ரிம்மில் ஒரு பொட்டுத் துரு கிடையாது. அது அவள் கைராசி என்று அண்ணன் சொல்வார். நானும் அதையேதான் நம்புகிறேன்.

3

இங்கே வந்த பிறகு நம் ஊர் லைசென்ஸ் வெறும் அட்டையாகிவிட்டது. பிள்ளை வளர்க்கிற அவசரத்தில் மோட்டார் சைக்கிள் நினைப்பே வரவில்லை. மகள் நிலா காலேஜுக்குப் போன பிறகுதான் எனக்கு அந்த ஆசை திரும்ப வந்து, மகள் வயதுப் பசங்களோடு வரிசையில் நின்று மறுபடி ஓட்டக் கற்றேன்.

தேர்வில் ஒரு பகுதி, நடக்கிற வேகத்தில் கூம்புகளுக்கு நடுவே கால் ஊன்றாமல் ஓட்டுவது. மாங்கனித் திருவிழாக் கூட்டத்துக்குள் வண்டி ஓட்டியவனுக்கு அது ஒரு பொருட்டா? தேர்வாளர் வாயைப் பிளந்தார். மறுவாரம் சாலையில் ஓட்டிக் காட்ட வேண்டும். ஒரு லாரியை முந்தும்போது, நம் வழக்கப்படி, நான் வருகிறேன் என்று மரியாதையாக இரண்டு முறை ஹார்ன் அடித்தேன். வளைவில் ஒன்று. கிழவி ஒருத்தி சாலையோரம் நின்றாள், அவளுக்கும் ஒன்று. பின்னால் காரில் வந்த தேர்வாளர் இறங்கி வந்து, "உங்களுக்கு அவர்கள் மேல் என்ன கோபம்?" என்று கேட்டார். பெயில். இரண்டாவது முறை கட்டை விரலைக் கட்டிப்போட்டதுபோல வைத்துக்கொண்டு ஓட்டிப் பாஸ் செய்தேன்.

வண்டி வந்தது. தமயந்தி வரவில்லை. இங்கே ஒரு பக்கமாக உட்காரக் கூடாது. இரண்டு பக்கமும் கால் போட வேண்டும், தலைக்கவசம், கையுறை, தடித்த ஜாக்கெட் எல்லாம் வேண்டும். "ஆம்பளையாட்டம் காலப் போட்டுக்கிட்டு, தலையில அண்டாவக் கவுத்துக்கிட்டு, யாரோடயும் பேசாம எங்கங்க போறது?" என்றாள். காலைப் போடுவது ஒரு சாக்கு என்று எனக்குத் தெரியும். பேச முடியாது என்பதுதான் அவளுடைய உண்மையான குறை.

நிலா இப்போது லியோனில் வேலை செய்கிறாள். அவளுடைய தமிழ், வருஷத்துக்கு வருஷம் குறுகிக்கொண்டே வருகிறது. "சாப்பிட்டியா" என்று அம்மா அனுப்பினால் ஒரு கட்டைவிரல் படம் பதிலாக வரும். அந்த விரலைப் பார்த்து அம்மா பெருமூச்சு விடுவாள். ஆனால் எங்களுடைய இந்த வழக்கைத் தீர்த்து வைத்தது நிலாதான். பெரிய பெட்டியோடு வந்து இறங்கினாள். உள்ளே அம்மாவுக்கு அளவெடுத்ததுபோல ஒரு ஜாக்கெட், இரண்டு தலைக்கவசம், இரண்டிலும் பேசிக்கொள்கிற கருவி.

"அம்மா, இதுல நீ நாள் பூரா பேசலாம். அப்பா கேட்டுத்தான் ஆவணும். கழட்ட முடியாது."

தமயந்தி அந்தக் கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இருபத்தஞ்சாவது கல்யாண நாளுக்கு வர்றேன்" என்றாள். நான் அன்றைக்கு ராத்திரி தூங்கவில்லை. இந்த வயதில் பெண் பார்த்துவிட்டு வந்தவன்போலப் புரண்டேன்.

4

கல்யாண நாளுக்கு முந்தைய வாரம் ஆயுத பூஜை. இங்கே அதற்கு விடுமுறை கிடையாது, ஆகையால் எங்கள் வீட்டில் சாமிகளும் சனிக்கிழமைக்குத் தள்ளிக்கொள்வார்கள். தமயந்தி ரொட்டி சுடும் மெஷினுக்கும் வேக்குவம் கிளீனருக்கும் சந்தனம் குங்குமம் வைப்பாள். உடைக்கச் சாம்பல் பூசணி கிடைக்காது. ஆரஞ்சுப் பூசணிதான் கிடைக்கும், அதையும் தெருவில் உடைத்தால் போலீஸ் வரும் என்று சாம்பார் வைத்துவிடுவோம்.

அந்த வாரம் முழுவதும் நான் வண்டியோடுதான் கிடந்தேன். எஞ்சின் சூடாக இருக்கும்போதே பழைய ஆயிலை வடித்தேன். பில்டர் மாற்றினேன். செயினைக் கழுவி, தொய்வு பார்த்து இழுத்தேன். இரண்டு பேர் உட்காருவதற்குத் தகுந்தாற்போல டயரில் காற்றைக் கூட்டினேன். பின்பக்க ஸ்பிரிங்கையும் இறுக்கினேன். இத்தனை நாளும் ஒரு ஆளுக்கென்று வைத்திருந்த ஸ்பிரிங்கை இரண்டு ஆளுக்கு என்று திருப்பியபோது, பொய் சொல்வானேன், கண் கலங்கியது.

பூஜைக்கு வண்டியைக் கழுவித் துடைத்து நிறுத்திவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தபோது முகப்பு விளக்குக்குப் பொட்டு, கண்ணாடிகளுக்குப் பூ, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். வண்டி பளபளவென்று மணப்பெண்ணாட்டம் நின்றது. கற்பூரம் காட்டி, பழத்தை நசுக்கி, அரையடி உருட்டி நிறுத்தினேன். பூஜை முடிந்தது.

மறுநாள் காலை பெட்ரோல் போடக் கிளம்பினேன். எங்கள் வாசல் தெருவை நோக்கிச் சரிவாக இறங்கும். இறங்குகிற இடத்தில் வழக்கம்போல முன் பிரேக்கைப் பிடித்தேன். லிவர் கைக்குள் வந்தது, வண்டி நிற்கவில்லை. பின் பிரேக்கை மிதித்தேன். அதுவும் வழுக்கிக்கொண்டே போனது. தெருவில் கார் வருகிறது. யோசிக்க நேரமில்லை. ஹேண்டிலைத் திருப்பி நேராக ழெராரின் பச்சை வேலிக்குள் விட்டேன்.

நடக்கிற வேகம்தான், எனக்கு ஒன்றும் ஆகவில்லை. வண்டியின் ஒரு கண்ணாடி மடங்கியது. ரசமட்டம் வைத்து வெட்டுகிற அந்த வேலியில் என் உருவத்துக்கு ஒரு பொந்து விழுந்தது. ழெரார் வாசலுக்கு வந்து, வேலியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த என் தலையைப் பார்த்து, "இன்றைக்காவது ஏதாவது கோளாறா?" என்று கேட்டார்.

5

முன் சக்கரத்தின் பிரேக் தட்டு எண்ணெயில் மின்னியது. குனிந்து முகர்ந்தேன். அண்ணன் ஊரிலிருந்து அனுப்பும் செக்குத் தேங்காய் எண்ணெய். பிரேக் தட்டில் என் மனைவியின் கூந்தல் மணந்தது.

எனக்குச் சட்டென்று எல்லாம் விளங்கிவிட்டது. பழைய வண்டியில் பிரேக் சக்கரத்தின் குடத்துக்குள்ளே மூடிக் கிடக்கும். வெளியே எத்தனை எண்ணெய் தடவினாலும் அதற்குத் தெரியாது. இந்த வண்டியில் பிரேக் பிடிப்பது வெளியே தெரிகிற இந்தத் தட்டில்தான். குளிர் வருகிறது, ஈரத்தில் இரும்பு துருப்பிடிக்கும் என்று, நான் குளித்த நேரத்தில் இரண்டு தட்டையும் அவள் ஆசையாக எண்ணெய் போட்டுத் துடைத்திருக்கிறாள். நான் தெருவிலேயே உட்கார்ந்து சிரித்தேன்.

தமயந்தி சிரிக்கவில்லை. நடந்ததைச் சொன்னதும் முகம் வெளுத்துவிட்டது.

"மலையிலேர்ந்து இறங்கறப்ப இப்படி ஆயிருந்தா?"

"ஆகலையே. விடு."

"ஆயிருந்தா? என் கையாலயே உங்கள..." முடிக்கவில்லை. உள்ளே போய் ஜாக்கெட்டைப் பெட்டிக்குள் மடித்து வைத்து மூடினாள். "நான் வரலைங்க. நீங்களும் போவாதீங்க. என் மனசு சரியில்ல."

அதற்குமேல் என்ன சொல்லியும் கேட்கவில்லை. நிலா போனில் வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு, பிறகு, "அப்பா, அம்மாவத் திட்டாதீங்க" என்றாள். நான் எங்கே திட்டினேன்? அவளே அவளைத் திட்டிக்கொள்கிறாள், அதுதானே பிரச்சினை. அந்த வாரம் வீட்டில் எண்ணெய்ப் புட்டியைக்கூட அவள் தொடவில்லை. காய்ந்த தலையோடு வேலைக்குப் போய் வந்தாள். எனக்கு மலைப் பயணம் கைவிட்டுப் போனதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. கைராசிக்காரி என்று ஊரே சொன்ன ஒருத்தி தன் கையைப் பார்த்துப் பயப்படுவதைத்தான் தாங்க முடியவில்லை.

தட்டைக் கவ்வுகிற பிரேக் பேடுகள் எண்ணெய் குடித்துவிட்டன, இனி உதவாது. புதுசுக்குச் சொல்லிவைத்தேன். வெள்ளிக்கிழமை வந்தன. சனிக்கிழமை காலை வண்டிக்கு முன்னால் மண்டி போட்டு ஸ்பானரை எடுத்தபோது என் பக்கத்தில் ஒரு நிழல் விழுந்தது. தமயந்தி. வளையல்களைக் கழற்றிவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகியிருந்தாள்.

"என் கை பட்டுத்தானே கெட்டுது? என் கையாலயே சரியாவட்டும். தள்ளுங்க."

தள்ளினேன். ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் இரண்டு தட்டையும் இருபுறமும் துடைத்தாள். துணியைப் பார்ப்பாள், தூர எறிவாள், அடுத்தது எடுப்பாள். வெள்ளைத் துணி வெள்ளையாகவே திரும்பி வரும்வரை விடவில்லை. பழைய பேடைக் கழற்றி, பிஸ்டனை உள்ளே தள்ளி, புதுசை நுழைத்து, போல்ட்டைக் கையால் பூட்டினாள். நான் சொல்லச் சொல்லச் செய்தாள், சொல்லாத இடத்தில் என்னை முறைத்தாள். கடைசியில் முறுக்கம் அளக்கிற ஸ்பானரைக் கொடுத்தேன். சரியான இறுக்கம் வந்ததும் அது 'டக்' என்று ஒரு சத்தம் கொடுக்கும்.

"என்னங்க சொல்லுது?"

"போதும், இதுக்கு மேல முறுக்காதேன்னு சொல்லுது."

"நம்ம வீட்டுக்கு ஒண்ணு வாங்கி மாட்டுங்க. நீங்க பேசறப்ப உபயோகப்படும்" என்றாள். ஒரு வாரத்துக்குப் பிறகு அவள் சிரித்த முதல் சிரிப்பு அது.

லிவர் கெட்டிப்படும்வரை அவளே பிடித்துப் பிடித்து விட்டாள். இனி புதுப் பேடும் தட்டும் ஒன்றோடு ஒன்று பழக வேண்டும். மெதுவாக ஓட்டி, மெதுவாகப் பிரேக் பிடித்து, மறுபடி ஓட்ட வேண்டும். புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் மாதிரிதான், எடுத்த எடுப்பில் அழுத்தக் கூடாது. நான் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு, கை கழுவப் போனவளுக்காகக் காத்திராமல் வண்டியைக் கிளப்பினேன். அவளை வற்புறுத்தக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன்.

வாசலில் ஜாக்கெட்டோடு நின்றாள்.

"எங்க தனியாக் கிளம்பிட்டீங்க? வேலிக்குள்ள போனா யாரு ஆளக் கூப்புடறது? இருங்க, நானும் வர்றேன்."

சூப்பர் மார்க்கெட்டின் பின்பக்கம் கார் நிறுத்துகிற பெரிய காலி மைதானம் இருக்கிறது. அதில் சுற்றினோம். ஓட்டுவேன், பிடிப்பேன், அவள் முன்னால் சாய்வாள். "இப்ப நின்னுச்சு" என்பாள். மறுபடி ஓட்டுவேன். "இப்ப நல்லா நின்னுச்சு." காலை இரண்டு பக்கமும் போட்டு உட்கார்ந்திருப்பதையே அவள் மறந்துபோனாள்.

6

கல்யாண நாள் காலை. எங்கள் கல்யாணத்தன்று அடைமழையில் பந்தலே ஒழுகியது. இங்கே வானம் துடைத்து வைத்ததுபோல இருந்தது. பக்கப் பெட்டியில் இட்லியும் எள்ளுப்பொடியும். ழெரார் தன் வேலிப் பொந்துக்குள்ளிருந்து கையசைத்தார். அதை அடைக்காமல் விட்டுவிட்டார், எங்களோடு பேச வசதியாக இருக்கிறதாம்.

ஊரைத் தாண்டியதும் காதுக்குள் அவள் குரல் வந்தது. கருவி நன்றாகவே வேலை செய்தது. முதல் மலையடிவாரம் வருவதற்குள் அண்ணன் மகள் கல்யாணம், நாகூர் அல்வா, நிலாவுக்குப் பையன் பார்ப்பதா வேண்டாமா என்று மூன்று விஷயம் முடிந்திருந்தது. எதிரே வந்த மோட்டார் சைக்கிள்காரர் ஒருவர் இடது கையில் இரண்டு விரலை நீட்டிவிட்டுப் போனார்.

"யாருங்க அவரு? தெரிஞ்சவரா?"

"இல்ல. வண்டியில போறவங்க எல்லாரும் இப்படித்தான் வணக்கம் வச்சுக்குவாங்க."

"இத ஏன் இத்தன வருஷமா சொல்லல?"

அதற்குப் பிறகு எதிரே வந்த எல்லாருக்கும் கை காட்டினாள். மோட்டார் சைக்கிளுக்கு, சைக்கிளுக்கு, டிராக்டருக்கு, மேய்கிற மாட்டுக்கு. மாடு மட்டும்தான் பதில் சொல்லவில்லை. மேலே ஏற ஏற மரங்களெல்லாம் மஞ்சளாகவும் சிவப்பாகவும் நின்றன. கீழே பள்ளத்தாக்கில் பனி பால்போலக் கிடந்தது. அவள் பேச்சு நின்றுபோனது. "எப்பா..." என்றாள். அவ்வளவுதான். காரைக்காலிலிருந்து கடலூர் வரை நிற்காத பேச்சை நிறுத்த ஒரு மலை தேவைப்பட்டிருக்கிறது. கணவாயின் உச்சியில் வண்டியை நிறுத்தி, கல்லின் மேல் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டோம். நிலாவுக்குப் படம் அனுப்பினோம். கட்டைவிரல் வரும் என்று பார்த்தால், "அம்மா அழகா இருக்கா" என்று தமிழில் எழுதியிருந்தாள். தமயந்தி அதை நாலு முறை படித்தாள்.

பிறகு இறக்கம். அதை நினைத்துத்தான் நான் காலையிலிருந்து உள்ளுக்குள் பதறிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வளைவுக்கும் வெகு முன்னாலேயே பிரேக்கைப் பிடித்தேன். பிடித்து, விட்டு, மறுபடி பிடித்து, மாட்டு வண்டிபோல இறங்கினேன். ஒரு சைக்கிள்காரர் எங்களைத் தாண்டிப் போனார். தமயந்தி அவருக்கும் கை காட்டினாள்.  பிறகு பின்கம்பியைப் பிடித்திருந்த அவள் கை மெல்ல என் தோளுக்கு வந்தது. அவள் தலைக்கவசம் என் தலைக்கவசத்தில் 'டக்' என்று மோதியது.

"என்னங்க, பிரேக்கு நல்லாப் பிடிக்குதா?"

"நல்லாப் பிடிக்குது."

"யாரு மாட்டுனா?"

"நீதான்."

"அப்பறம் எதுக்குப் பயந்து பயந்து ஓட்டுறீங்க?"